பதினோரு சாமான்

கொறங்காட்டுப்புதூரில் போட்டோ எடுக்கிற சம்பூரணத்தின் இடுப்புப் பையில் எப்போதும் பதினோரு சாமான்கள் இருக்கும். பத்தாகக் குறைந்தால் அவள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள், பொண்ணும் மாப்பிள்ளையும் காரேறிப் போய்விட்டாலும் சரி, பந்தல்காரர்கள் அவள் தலைக்கு மேலேயே கீற்றைப் பிரித்தாலும் சரி. லென்ஸின் முன்மூடி, பின்மூடி, வெயில் மறைக்க மாட்டுகிற ஹூட், ஒரு ஃபில்டர், மாற்று பேட்டரி இரண்டு, மெமரி கார்டு இரண்டு, கண்ணாடி துடைக்கிற துணி, தூசி ஊதுகிற ரப்பர் பந்து, கேமராவை ஸ்டாண்டில் உட்கார வைக்கிற சின்னத் தகடு. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை, பெரும்பாலும் கறுப்பு, கீழே விழுந்தால் சத்தம் போடாதவை. கல்யாண வீட்டு ஜமக்காளத்துக்கு இருக்கிற பசி வேறெந்தப் பிராணிக்கும் கிடையாது என்பது சம்பூரணத்தின் அனுபவம். கொஞ்சம் அசந்தால் மூடியை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கும்.

அதனால் அவள் எண்ணினாள். கண் ஆட்களின் மேல் இருக்கும், வாய் "கொஞ்சம் சிரிங்க சாமி, கல்யாணந்தான் நடக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கும், வலது கை பைக்குள் ஒவ்வொன்றாகத் தடவும், இடது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் தொடங்கி விரலுக்கு மூன்றாக ஏறி ஏறி, கடைசியில் சுண்டுவிரலின் நடுக்கணுவில் வந்து நிற்கும். பதினொன்று. சுண்டுவிரலின் நுனிக்கணு மட்டும் பத்தொன்பது வருடமாக வேலையில்லாமல் சும்மா இருந்தது. பார்க்காமல் எண்ணுவதில் சம்பூரணத்துக்குக் கர்வமே உண்டு. பார்த்து எண்ணுகிறவர்களை, குனிந்து பெடலைப் பார்த்தபடி சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, வேன் ஓட்டுவதும் லைட் பிடிப்பதும் அவர் வேலை, வண்டியைக் கிளப்பும் முன் "என்னம்மிணி, பதினொண்ணா?" என்று கேட்பார். "பதினொண்ணுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் சாவியைத் திருகுவார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அது நடந்தது. பத்திரம் எழுதுகிற மாரப்பன் வீட்டில் காதுகுத்து விசேஷம் முடிந்து, பதினொன்று என்று எண்ணி, வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டிப் பார்த்தபோது பதினொன்றுதான் இருந்தது, ஆனால் முன்மூடி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கடுகளவு பித்தளைத் திருகு கிடந்தது. மாரப்பனின் மூக்குக்கண்ணாடித் திருகு அது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் அது தொலைந்ததிலிருந்து அவர் கண்ணாடியைக் கறுப்பு நூலால் கட்டிக்கொண்டு திரிவதை ஊரே அறியும். சம்பூரணம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், மாரப்பன் அங்கேயே நகத்தால் திருகி மாட்டி, கண்ணாடியைப் போட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்து, "அட, நரை தெரியுதே உனக்கு" என்றார். எப்படிக் கிடைத்தது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முன்மூடியைத்தான் இருவரும் தேடினார்கள். அது கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் வளைகாப்பு வீட்டில் ஒரு பேட்டரி போய் ஒரு கொலுசுத் திருகு வந்தது. கிரகப்பிரவேச வீட்டில் துடைக்கிற துணி போய் பெட்டிச்சாவி ஒன்று வந்தது. பூப்பு நன்னீராட்டு வீட்டில் ரப்பர் பந்து போய், மணப்பெண் மாதிரி ஜோடித்திருந்த அந்தப் பெண்ணின் முதல் பால் பல் வந்தது. அதை வாங்கிய அவள் அம்மா பந்திக்கு நடுவிலேயே ஓவென்று அழுது, பிறகு சிரித்து, பிறகு இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டில் தொலைந்த ஒரு சின்னப் பொருள் அவள் பைக்குள் ஏறிக்கொள்ளும், அவள் சாமான் ஒன்று அந்த வீட்டிலேயே இறங்கிக்கொள்ளும், எண்ணிக்கை மட்டும் பதினொன்றிலிருந்து அசையாது. ஏன் என்று யோசிக்கச் சம்பூரணத்துக்கு நேரமில்லை. அந்த மாசம் ஏழு முகூர்த்தம் இருந்தது.

இறங்கிய சாமான் எங்கே போகிறது என்பது பொங்கலுக்குத்தான் தெரிந்தது. மாரப்பன் வீட்டில் வெள்ளையடிக்க மர பீரோவை நகர்த்தியபோது, அதன் பின்கால் ஓரத்தில் மூடி கிடந்தது. திருகு விழுந்து உருண்டு போன இடம் அதுதான் என்று மாரப்பனுக்கு அப்போது ஞாபகம் வந்தது. தீபாவளிக்குப் பீரோவிலிருந்து வேட்டி எடுத்த அன்று அவர் அங்கேதான் தும்மியிருந்தார். ஆக, பொருள் எங்கே கிடந்ததோ சாமான் அங்கே போய்க் கிடக்கும். பொருள் எங்கே கிடந்தது என்று தெரிந்திருந்தால் அது தொலைந்தே இருக்காது என்பதால், சாமானைத் தேடிப் பிடிக்க வழியில்லை. ஊர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

போனார்கள் என்றா சொன்னேன், தப்பு. போனவர்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டி எதெது தொலைந்தது என்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். விசேஷம் இருக்கிற வீடு சம்பூரணத்தைக் கூப்பிட்டது. விசேஷம் இல்லாத வீடு விசேஷத்தை உண்டாக்கிக்கொண்டு கூப்பிட்டது. புதுக் கிரைண்டருக்குப் பொட்டு வைத்துப் படம் எடுத்தார்கள். எருமைக்கன்றுக்குப் பேர் வைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு வீட்டில் நடுப்பையனுக்கு மீசை அரும்பியதற்குப் படம் எடுத்தார்கள், அவன் கதவைச் சாத்திக்கொண்டு வர மாட்டேனென்று கத்த, கதவையே படம் எடுத்துவிட்டு வந்தாள், அதற்கும் ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. பஞ்சாயத்துத் தலைவர், ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பைத் தொலைத்துவிட்டு மூன்று மாசமாகக் கையெழுத்துக்குக் கீழே பேரைக் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தவர், மேல்நிலைத் தொட்டியைப் படம் எடுக்கிற சாக்கில் அவளை ஆபீசுக்கு வரவழைத்தார். ஸ்டாம்பு வரவில்லை, அவருக்கு முன்னால் இருந்த தலைவரின் பல்செட்டில் ஒரு பல்தான் வந்தது. இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்குகிற காரியமில்லை இது. வீட்டுக்கு எது மனசோ அதைத்தான் கொடுக்கும்.

சம்பூரணத்துக்கு ஆளாளுக்கு யோசனையும் சொன்னார்கள். ஆட்டுக்குக் கயிறு போடுவதுபோல எல்லாச் சாமானுக்கும் நூல் கட்டச் சொன்னாள் தையல்கார மல்லிகா. கட்டினாள், அன்றைக்கு நூல் அப்படியே இருந்தது, நூலின் நுனியில் மூடிக்குப் பதில் மூக்குத்திச் சுரை ஆடிக்கொண்டிருந்தது. ஈரோட்டுக் கடைக்காரர், டஜன் கணக்கில் மூடி வாங்க வருகிற அவளிடம், "ஏனுங்கக்கா, இதையெல்லாம் தாளிச்சுத் திங்கறீங்களா?" என்று கேட்டே விட்டார். ஸ்டூடியோவில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து, வந்த பொருளையெல்லாம் எந்த வீடு என்று சீட்டு எழுதிப் போட்டு வைப்பாள். பால் ஊற்றப் போகிற பெண்கள் போகிற வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வெள்ளையடிப்புக்கும் நோன்புக்கும் வீடு துடைக்கிறபோதெல்லாம் எங்கிருந்தாவது ஒரு பின்மூடியோ பேட்டரியோ அகப்பட, மஞ்சள்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நஷ்டம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் சம்பூரணத்துக்கு இது பிடித்திருந்தது. முன்பெல்லாம் படம் கொண்டுபோய்க் கொடுத்தால் என் மூக்கு இவ்வளவு பெரிசா என்று சண்டைக்கு வருகிறவர்கள், இப்போது வாசலிலேயே சொம்பில் தண்ணியோடு நிற்கிறார்கள்.

ஒரே ஒரு பயம் அவளுக்கு இருந்தது, அதை நாச்சிமுத்துவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மூடி போகலாம், பந்து போகலாம். படம் பதிந்த கார்டு போனால்? "அதெல்லாம் போவாது புள்ள, இத்தன நாள்ல போச்சா? அதுக்கும் ஒரு மனசாச்சி இருக்கும்" என்றார் அவர். அந்த 'அது' எது என்று இருவருக்குமே தெரியவில்லை. இருந்தாலும் ஆறுதலாக இருந்தது.

வைகாசி மாசக் கடைசியில் பூபதியின் கல்யாணம் வந்தது. பூபதி, பாவாயம்மாவின் மகன். மண்டபம் வேண்டாம், அப்பா கட்டிய வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடத்துவோம் என்றிருந்தான். எல்லாம் சரி, ஆனால் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யக் கூடப்பிறந்தவள் வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவன் கக்கத்தில் இடுக்கி, மறு தலைப்பை அக்கா பிடித்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். அது இல்லாமல் அந்தப் பக்கத்தில் தாலி எடுக்கமாட்டார்கள். பூபதியின் அக்கா கலாமணி கரூரில் இருந்தாள், தம்பியோடு பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். பாவாயம்மாவின் சிவப்புக்கல் தோட்டில் ஒன்றின் திருகாணி காணாமல் போயிற்று. நீதான் பீரோவைத் துளாவினாய் என்று அக்கா சொன்னாள், நீதான் சீருக்குப் போட்டுக்கொண்டு போனாய் என்று தம்பி சொன்னான், திருட்டுப்பட்டம் கட்டுகிறாயா என்று அவள் கேட்டாள், கட்டினால் என்ன என்று அவன் கேட்டுவிட்டான். ஆசாரியிடம் போயிருந்தால் அரைமணி நேரத்தில் வேறு திருகாணி செய்து கொடுத்திருப்பார். ஆனால் சொன்ன சொல்லுக்கு மாற்றுச் சொல் செய்து கொடுக்கிற ஆசாரி எந்த ஊரில் இருக்கிறார்? அப்போது அம்மா வீட்டில் தங்கியிருந்த கலாமணி அன்றைக்குக் கரூருக்குப் பஸ் ஏறியவள்தான். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள், அதுவும் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மாத்திரை போட்டாயா என்பதோடு சரி.

முறை தவறக் கூடாது என்று கல்யாணத்துக்கு வந்தாள். விடிகாலையில் காரில் வந்து இறங்கினாள், சேலைத் தலைப்பைப் பிடித்து நின்றாள், சீர் முடிந்ததும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் அதே காரில் ஏறிப் போய்விட்டாள். பாவாயம்மா இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. கண் முகாமில் கொடுத்த தேதி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் விழுந்திருந்தது. ஆபரேஷன் செய்த கண்ணில் கட்டு, மற்ற கண் ஏற்கெனவே புகை படிந்தது, புகையும் தூசியும் ஆகாதென்று அவளை உள்ளறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சீர் நடந்துகொண்டிருக்கையிலேயே சம்பூரணம் உள்ளே போய்க் கையைத் தொட்டபோது, "கண்ணு, எம்புள்ளைக ரெண்டும் ஒண்ணா நிக்குதுகளா?" என்று கேட்டாள்.

"நிக்கறாங்கம்மா."

"நல்லா எடுத்துரு. வெள்ளிக்கெழம கட்டவுக்கறாங்க. மொதல்ல அதத்தான் பாக்கோணும். பொறவு கண்ணு போனாலுஞ் செரி."

"போறதுக்கா ஆப்ரேசன் பண்ணுனாங்க? பேசாம உக்காருங்க" என்று அதட்டிவிட்டுச் சம்பூரணம் வெளியே போய் எடுத்தாள், நின்று எடுத்தாள், குனிந்து எடுத்தாள், நாற்காலிமேல் ஏறி எடுத்தாள், கார்டு நிறைகிறவரை அந்த இரண்டு பேரையே எடுத்தாள். நிறைந்த கார்டை இடுப்புப் பைக்குள் போட்டு, புதுக் கார்டை மாட்டித் தாலிகட்டை எடுத்தாள், கடைசியில் அதையும் கழற்றிப் பைக்குள் போட்டாள். பந்தி முடிந்து கிளம்பும்போது நாச்சிமுத்து கேட்டார், அவள் பைக்குள் கைவிட்டு, சுண்டுவிரல் நடுக்கணுவில் கட்டைவிரல் வந்து நின்றதும், "பதினொண்ணுங்க" என்றாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பையை மேசையில் கவிழ்த்தாள். முன்மூடி இருந்தது, பின்மூடி இருந்தது, பந்து, துணி, தகடு, எல்லாம் இருந்தது. கார்டு ஒன்றுதான் இருந்தது, தாலிகட்டுக் கார்டு. அதன் பக்கத்தில் தங்கத்தில் ஒரு திருகாணி கிடந்தது, சுற்றி ஆறேழு சிற்றெறும்புகள். பத்தொன்பது வருடமாகப் பார்க்காமல் எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்ட கையை அப்போது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. கணக்கு சரியாக இருந்தது, சாமான்தான் இல்லை. ஒருதரம் குனிந்து பார்த்திருந்தால் பந்தலிலேயே தெரிந்திருக்கும்.

மறைக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. நேரே பூபதி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பூபதி கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. புது மாப்பிள்ளை, கையில் இன்னும் மருதாணி, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "மத்ததெல்லாம் போனாப் போகுதுங்க. அக்கா இன்னொருக்கா வந்து நிக்க மாட்டா" என்றான்.

அரைமணி நேரத்தில் விஷயம் ஊருக்குத் தெரிந்தது, அடுத்த அரைமணியில் ஊரே அந்த வீட்டில் இருந்தது. எல்லாருக்கும் இந்தத் தேடலில் அனுபவம் உண்டு. மாரப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பீரோக்களைப் பார்த்துக்கொண்டார். மல்லிகா மெத்தையைப் பிரித்துப் பஞ்சைத் துழாவினாள். பஞ்சாயத்துத் தலைவர் நடுக்கூடத்தில் நின்று யார் எங்கே தேட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. நெல் போட்டு வைக்கிற குதிர்களை நகர்த்தினார்கள், அரிசியைச் சலித்தார்கள், சாமி படங்களைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்கள். மூன்று சீப்பு, ஒரு கிலுகிலுப்பை, காலாவதியான ரேஷன் கார்டு, பூபதி ஆறாம் வகுப்பில் ஒளித்து வைத்த மார்க் ஷீட் எல்லாம் கிடைத்தன. மெமரி கார்டு கிடைக்கவில்லை. வந்தவர்களுக்கு மருமகள் முதல்தடவையாகக் காப்பி போட்டாள், நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் சம்பூரணம் உள்ளறைக்குப் போய்ப் பாவாயம்மாவின் உள்ளங்கையில் திருகாணியை வைத்தாள். அந்த அம்மாள் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இரண்டு விரலால் உருட்டினாள், அவ்வளவுதான், கை மூடிக்கொண்டது.

"இது எங்க கெடந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா. இது கெடந்த எடத்துலதான் என்ற கார்டு கெடக்குது. தொலச்சவங்களுக்குத்தான் எடம் தெரியும்."

"தொலச்சவளுக்கு எடந் தெரிஞ்சா அது தொலஞ்சதாவாடி?"

சம்பூரணம் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "அதுல எறும்பு மொய்ச்சுட்டிருந்துச்சுங்கம்மா" என்றாள்.

பாவாயம்மாவின் முகம், கட்டுக்குக் கீழே தெரிகிற பாதி முகம், பள்ளிக்கூடத்துப் பெண்ணின் முகம்போல் சிவந்தது. கதவுப் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சம்பூரணத்தைக் கிட்டே இழுத்து, காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னாள்: அட்டாலிப் பரணில், பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால், ஊறுகாய்ச் சாடி ஒன்று இருக்கிறது, அதில் ஊறுகாய் இல்லை, அச்சு வெல்லம். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கலாமணி வீட்டில் இனிப்பை நுழையவிடவில்லை. மகள் தூங்குகிற மத்தியானங்களில் ஏணி போட்டு ஏறி, ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு. அன்றைக்குக் குனிந்து சாடிக்குள் கை விட்டபோது காதிலிருந்து என்னவோ நழுவியது. எடுக்கலாமென்று துழாவுவதற்குள் கலாமணி எழுந்துவிட்டாள். இறங்கி வந்தாயிற்று, பிறகு ஏறித் துழாவியபோது அகப்படவில்லை, சாடிக்குள் விழுந்ததா வெளியே உருண்டதா என்றே தெரியவில்லை. சொல்லலாமென்று இருந்தாள், நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், அதற்குள் பிள்ளைகள் இரண்டும் பேசக்கூடாததையெல்லாம் பேசிவிட்டன. வெல்லத்துக்காகச் சண்டை வந்தது என்று எந்த வாயால் சொல்வது?

"நீயே ஏறி எடுத்துக்க கண்ணு. ஒருத்தருக்குந் தெரிய வேண்டாம்."

"தெரியாதுங்க" என்றாள் சம்பூரணம். ஏணியைப் பிடித்துக்கொண்ட பூபதியிடம், அண்டாவுக்குப் பின்னால் பார்க்கலாமென்று தோன்றுகிறது என்று மட்டும் சொன்னாள். சாடிக்குள் கைவிட்டாள். கார்டு, வெல்லத்தில் பாதி புதைந்து, எறும்புகள் வரிசையாக ஏறி இறங்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் அதை இடுப்புப் பையில் போட்டாள், பாவாயம்மாவின் ரகசியத்தை மனசில் போட்டுக்கொண்டாள்.

துடைத்து, உலர்த்தி, கம்ப்யூட்டரில் செருகினால் படங்கள் எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஒவ்வொரு படத்திலும் வெல்லப்பாகு நிறம் லேசாக ஏறியிருந்தது, விடிகாலை எடுத்த படத்தில் சாயங்கால வெயில் அடிப்பதுபோல. நிறத்தைச் சரிசெய்து பார்த்தாள், திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டது. விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடியோடு பாவாயம்மா வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் டிவியில் படத்தை ஓடவிட்டார்கள். மகனும் மருமகளும் இரண்டு பக்கம், வாசற்படி நிறைய அக்கம்பக்கம், சம்பூரணமும் நாச்சிமுத்துவும் சுவரோரம். முதல் படம் வந்ததும் பாவாயம்மா எழுந்து டிவிக்கு ஒரு முழம் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மகன் வேட்டியில், மகள் பட்டில், நடுவே கூறைச்சேலை. அவள் இரண்டு பேரையும் கையால் தடவினாள். அடுத்த படம். அதற்கடுத்தது. ஐம்பது, அறுபது, எண்பது. ஒன்றில்கூட அவன் அவளைப் பார்க்கவில்லை, ஒன்றில்கூட அவள் அவனைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எவ்வளவு வெல்லம் பூசியும் அந்த முகங்கள் இனிக்கவில்லை. படம் எடுத்தவளுக்கே தரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசிக்கு முந்தின படத்தில், சேலைத் தலைப்பு பூபதியின் கக்கத்திலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. கலாமணி அந்தப் பக்கமே திரும்பாமல், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அதைத் திரும்ப அவன் கக்கத்தில் செருகிக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது டவுசருக்குள் சட்டையைச் செருகிவிட்ட அதே கை.

"நிறுத்து" என்றாள் பாவாயம்மா. படம் நின்றது.

அவள் திரும்பி நின்றாள். "பூபதி, அந்தத் திருகாணியத் தொலச்சது நீயுமில்ல, அவளுமில்ல. நாந்தான். அட்டாலில வெல்லந் திங்கப் போயித் தொலச்சன்" என்றாள், வாசற்படிவரை கேட்கிற குரலில்.

பூபதி அம்மாவைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், எழுந்து பந்தக்கால் நட்டிருந்த குழிப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். யாரும் பின்னால் போகவில்லை. திரும்பி வந்தபோது அவன் கரூருக்குப் போன் போட்டிருந்தான், மணி போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினான்.

"கலாமணி, நாந்தான்" என்று தொடங்கி, மூச்சு விடாமல், சாடி, ஏணி, மத்தியானம், ஒரே ஒரு துண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள் பாவாயம்மா. லைன் போய்விட்டதோ என்று நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"வெல்லமா?" என்றது கலாமணியின் குரல். "ஆறு வருசமாவா? அம்மா, உனக்குச் சக்கரை எத்தன இருக்குது இப்ப?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "தம்பி இருக்கறானா அங்க?"

"இருக்கறனக்கா."

"அந்தச் சாடியத் தூக்கிக் கடாசு மொதல்ல. நான் ஞாயித்துக்கெழம வாரன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். காப்பி குடித்தாள், இரண்டு டம்ளர். தம்பி பொண்டாட்டியை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய் இந்த வீட்டில் எதையெதை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். மத்தியானம் சம்பூரணம் மூன்று பேரையும் வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள், சிரியுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவப்புக்கல் தோடு இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு பாவாயம்மா நடுவில் நின்றாள். கிளம்பும்போது வேன் வரை கூட வந்து, ஜன்னல் வழியாகச் சம்பூரணத்தின் இடுப்பைத் தட்டி, நன்றாக இருடி மகராசி என்றாள்.

"என்னம்மிணி, பதினொண்ணா?" என்றார் நாச்சிமுத்து.

சம்பூரணம் இந்தத் தடவை பையைத் திறந்து, குனிந்து, பார்த்து எண்ணினாள். முன்மூடி, பின்மூடி, ஹூட், ஃபில்டர், பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு, துணி, பந்து, தகடு. பதினொன்றும் அவளுடையவை. கொறங்காட்டுப்புதூரில் இப்படி ஒரு வீட்டை அவள் பார்த்ததில்லை. அந்த வீட்டில் தொலைந்த பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டைவிரல் நடுக்கணுவில் நிற்காமல் மேலே போய், சும்மா கிடந்த சுண்டுவிரல் நுனிக்கணுவைத் தொட்டது. பைக்கு அடியில் இன்னொன்று இருந்தது, தினத்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி.

பிரித்தாள். ஒரு அச்சு வெல்லம்.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலில் கலாமணி அம்மாவின் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். பாவாயம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டே, மகளின் தோளுக்கு மேலாக வேனைப் பார்த்து, ஆபரேஷன் செய்த கண்ணை ஒருதரம் சிமிட்டினாள்.

"பன்னெண்டுங்க" என்றாள் சம்பூரணம். வெல்லத்தை இரண்டாக உடைத்து ஒரு பாதியை நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள், மறு பாதியைத் தாளில் சுற்றி, அடுத்த வாரம் ஆல்பம் கொண்டுவரும்போது பாவாயம்மாவிடம் கொடுக்க, திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.